அக்காவின் இடது கால் தேய்த்த பெடல்

என் வசந்தா அக்காவுக்கு,

தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து எந்த வண்டி, என்ன கோளாறு என்று சொல்கிற காது உனக்கு. அதனால் இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். உன் வண்டி ஓடுகிறது, அக்கா. ஒன்றாம் கியர் சத்தமே இல்லாமல் விழுகிறது.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நாகப்பட்டினம் வீட்டைப் பூட்டிவிட்டு நான் தஞ்சாவூருக்கே வந்துவிட்டேன், உன் வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். உன் கொய்யா மரம் காய்த்துக் கொட்டுகிறது. அம்மா தினமும் குழம்பில் உப்பில்லை என்கிறாள். உன் கையால் சாப்பிட்டுப் பழகின நாக்கு, என்ன செய்ய?

இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்களும் உன்னோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் இப்படி எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். அவர்களுக்கும் தெரிய வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது.

வண்டியைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், கரும்பச்சை நிறம், உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. கூத்தாநல்லூரில் ஒரு வீட்டு ஷெட்டில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. நீ நீர்ப்பாசன இன்ஜினியராக அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் ஷட்டரைப் பார்க்கப் போனவள், ஷட்டரைப் பார்த்துவிட்டு இந்த வண்டியோடு திரும்பி வந்தாய். அப்போது உனக்கு நாற்பது வயது.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தக் கூத்தெல்லாம்?" என்று பெரிய மாமா கேட்டார்.

"உங்களுக்கு இதுல எடம் பத்தாதுன்னுதானே மாமா கோவம்?" என்றாய். அவருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டே வேறு சொன்னாய். அன்றைக்குச் சிரித்த மாதிரி அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம் அதை ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பூம்புகார் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவாய். ஒவ்வொரு தடவையும் "வரியாடி கோமதி?" என்று போன் போட்டுக் கேட்பாய். டியூட்டி இருக்கிறது, தலைவலிக்கிறது, வெயில் ஒத்துக்கொள்ளாது என்று எதையாவது சொல்வேன். இத்தனை வருஷத்தில் இரண்டே தடவைதான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

போன வருஷம் ஒருநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாய். நான் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக எத்தனையோ பேருடைய நாடியைப் பிடித்த கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். நீ கோபப்படாதே. ஷெட்டில் அது கிடப்பதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்க்கிறவர், நல்ல மாதிரியான மனிதர். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ஒன்றாம் கியரைப் போட்டார். கரகரவென்று ஒரு சத்தம், கருங்கல்லை மிஷினில் போட்டு அரைத்த மாதிரி. இரண்டு தெரு தள்ளி இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் போய்விட்டது, என்ஜினைக் கீழே இறக்க வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்.

டாக்டர் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "என்கிட்ட இதே மாடல் ஒண்ணு இருக்குங்க சிஸ்டர். அப்படின்னா இதைப் பிரிச்சு பார்ட்ஸா எடுத்துக்கிறேன்" என்றார்.

பிரித்து என்ற சொல்லைக் கேட்டதும் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். விற்கத்தானே நினைத்தேன், பிறகு ஏன்? தெரியவில்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

சித்தப்பா மகன் முருகேசன்தான் செல்வராசுவைப் பற்றிச் சொன்னான். அம்மாபேட்டை ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காரெல்லாம் அவர் பார்ப்பதில்லை, டிராக்டரும் அறுப்பு மிஷினும்தான். குறுவை அறுப்பு நேரம் என்பதால் வாசல் முழுக்கச் சேறு ஒட்டின மிஷின்கள் நின்றன. உன் வண்டியை முருகேசனுடைய டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். வழியில் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் கையசைத்திருப்பாய். நான் குனிந்துகொண்டேன்.

இறந்துபோன என் அக்காவின் வண்டி என்று முருகேசன் சொல்ல, கேட்டுக்கொண்டே செல்வராசு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் பிரித்துப் போட்டிருந்த அறுப்பு மிஷினை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், உள்ள ஏறாதீங்க. கதவைத் தொறந்து, குனிஞ்சு, அந்த கிளட்ச் பெடலைக் கையால அழுத்துங்க. மெதுவா. கனம் தட்டுற எடத்துல நிறுத்துங்க."

அழுத்தினேன். ஒன்றும் தட்டவில்லை. காற்றை அழுத்துகிற மாதிரி பெடல் பாட்டுக்கு இறங்கியது. அப்புறம்தான் கையில் ஒரு கனம் வந்தது.

"ஒரு இஞ்ச் சும்மா போகுது பாருங்க. அந்த ஒரு இஞ்ச்தான் உங்க கோளாறு. பிளேட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

பானெட்டைத் தூக்கி, பெடலுக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பின்னை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நீ மிதிக்கிற மிதியை வாங்கி அந்தப் பக்கம் கிளட்சுக்கு அனுப்புவது அந்த ஒரு பின்தானாம். நடுவில் தேய்ந்து, இடுப்பு ஒடுங்கின மாதிரி இருந்தது. அது நுழைகிற ஓட்டை உருண்டையாக இருக்க வேண்டும். நெல்மணி மாதிரி நீண்டுபோயிருந்தது.

"ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். பின்னுல அரை நூல் தேய்மானம், பெடல் ஓட்டையில அரை நூல், எதிர்ப்பக்கம் பின்னைப் பிடிக்கிற கவட்டை, அந்த ஃபோர்க்குல அரை நூல். எல்லாம் சேர்த்தாலும் ரெண்டு நூல் கெடையாது. ஆனா பெடல் நீளத்தைப் பாருங்க. பின்னு இருக்கிற எடத்தை விட கால் வைக்கிற எடம் அஞ்சு மடங்கு தள்ளி இருக்கு. இங்க ஒரு பங்கு ஆட்டம்னா காலுகிட்ட அஞ்சு பங்கு. கிளட்சு முழுசா விலகுறதுக்குள்ள பெடல் தரையில முட்டிடுது. அப்பறம் கியர் கத்தாம என்ன செய்யும்?"

அக்கா, நான் அந்தப் பின்னை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தேன். ஒரு அரிசி கனம் இரும்பு காணாமல் போனதற்கா என்ஜினை இறக்கப் பார்த்தார்கள்? அதற்கா இந்த வண்டியைத் துண்டு துண்டாகப் பிரிக்க இருந்தேன்? கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இன்னொரு முனையில் போய் அவ்வளவு பெரிதாக நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ தினமும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய், இல்லையா? உன் உலகம் இவ்வளவு ஆச்சரியமானது என்று தெரிந்திருந்தால் தலைவலி என்று பொய் சொல்லியிருக்க மாட்டேனோ?

அடுத்து அவர் பெடலையே கழற்றினார். பெடல் தொங்கி ஆடுகிற இடத்தில், மூட்டு மாதிரி, புஷ் என்கிற சின்ன உலோகக் குழல் ஒன்று இருந்தது. அதை வெளிச்சத்தில் காட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது கம்பெனி புஷ் இல்ல. நம்ம பக்கத்து லேத்துல கடைஞ்சு போட்டது. அப்ப உங்க அக்கா வாங்கினப்பறம்தான் போட்டிருக்காங்க. ஆனா தேஞ்சிருக்கிற விதத்தைப் பாருங்க. நடுவுல தேயல. இந்த முனையில மேல, அந்த முனையில கீழ. பெடலை நேரா மிதிச்சா இப்படித் தேயாது." பெடல் ரப்பரைக் காட்டினார். வலது ஓரம் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. இடது ஓரத்தில் கோடுகள் புதிதாகவே இருந்தன. "காலை வெளிப்பக்கமா திருப்பி வெச்சு, பக்கவாட்டுல தள்ளித் தள்ளி மிதிச்சிருக்காங்க. இத்தனை வருஷமும். அவங்களுக்கு எடது கால்ல ஏதாவது குறை உண்டா சிஸ்டர்?"

நான் எலும்பு முறிவு வார்டில் மட்டுமே இருபது வருஷம் வேலை பார்த்தவள். ஆயிரக்கணக்கான எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உன் கணுக்காலின் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்ததில்லை. நீ எடுக்கவே இல்லை. அன்றைக்கு அம்மாபேட்டை ரோட்டில், எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில், அதைப் பார்த்தேன்.

"சின்ன வயசுல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொன்னேன்.

ஆமாம் அக்கா. நீ செத்து மண்ணான பிறகும், உன்னைப் பார்த்தே இராத ஒருவரிடம், அதே பொய்யைச் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களே, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை, வசந்தா பதின்மூன்று வயதில் வடவாற்று மதகுச் சுவரிலிருந்து வழுக்கி விழுந்தாள் என்பது. ஆறு வறண்டு கிடந்த கோடைக்காலம். அப்பா அவளுக்கு மட்டும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு ஏழு வயது. அந்தக் காம்பஸைத் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். அப்புறம் தருகிறேன் என்றாள். நான் தள்ளினேன். இரண்டு கையாலும், முழுப் பலத்தோடு. கீழே காய்ந்த படுகையில் கருங்கல் மேல் அவள் கால் மடங்கின சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. ஓடிவந்த அப்பாவிடம் அவள்தான் முதலில் பேசினாள். "கால் வழுக்கிடுச்சுப்பா" என்றாள். நாட்டு வைத்தியர் போட்ட கட்டைப் பிரித்தபோது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியே இருந்தது. அப்படியேதான் கடைசி வரைக்கும் இருந்தது.

உன் வண்டியில் வர நான் ஏன் சாக்குச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா, அக்கா? அதில் உட்கார்ந்தால் கிளட்ச் மிதிக்கிற உன் இடது கால் என் கண்ணுக்கு நேரே இருக்கும். ஒவ்வொரு கியருக்கும் அது திரும்பி, தேடி, அழுத்தும்.

செல்வராசு புஷ்ஷை மேசைமேல் வைத்தார். "பழைய அளவுலேயே செஞ்சு போட்டா பழையபடியேதான் தேயும். கொஞ்சம் நல்லாவே செஞ்சிடுவோம்" என்றார். இரண்டு நாள் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு லேத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அறுப்பு மிஷின்காரர்கள் வந்து அவசரப்படுத்தினார்கள். "சிஸ்டர் வண்டி முடியட்டும்" என்று அவர்களை நிற்கவைத்தார்.

கன்மெட்டல் என்கிற வெண்கல உருளையை லேத்தில் பிடித்துக் கடைந்தபோது பொன்னிறத்தில் சுருள் சுருளாக விழுந்தது. பழையதைவிட நீளமான புஷ், பக்கவாட்டு அழுத்தம் வந்தாலும் தாங்குவதற்கு. நீண்டுபோன ஓட்டையைப் பெரிதாக உருட்டிக் கடைந்து, அதற்குள் ஒரு குட்டிப் புஷ் இறக்கினார். ஃபோர்க்குக்கும் அதே வைத்தியம். அறுப்பு மிஷினுக்குப் போடுகிற கெட்டி இரும்பில் புதுப் பின். முன்பு கிரீஸ் போக வழியே இல்லாத இடத்தில் ஒரு நிப்பிள். கடைசியில் பின்னைத் துடைத்து ஓட்டையின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். அது விழவில்லை. நிற்கவும் இல்லை. தன் எடையிலேயே, அவசரமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. பிரசவ வார்டில்கூட அப்படிக் கையைக் கூப்பியதில்லை, அன்றைக்குக் கூப்பினேன்.

கடைவதற்காக வெட்டி எடுத்திருந்த பெடல் தட்டை, கால் வைக்கிற அந்தத் தகட்டை, திரும்ப வெல்டிங் வைக்கும் முன் செல்வராசு கேட்டார்: "இனிமே யாரு ஓட்டப் போறாங்க சிஸ்டர்? காலுக்குத் தகுந்த மாதிரி தட்டைத் திருப்பி வெச்சிடலாம். உங்க அக்கா காலுக்குக்கூட அப்படித் திருப்பி வெச்சிருந்தா அவங்களுக்கு நோவே தெரிஞ்சிருக்காது. பத்து நிமிஷ வேலைதான்."

பத்து நிமிஷம். நீ இன்ஜினியர், அக்கா. இரும்பைப் பார்த்தால் அதன் மனசு தெரிகிறவள். இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பெடலை உன் காலுக்கு ஏற்ற மாதிரி திருப்பாமல், உன் காலைப் பெடலுக்கு ஏற்ற மாதிரி இருபத்திரண்டு வருஷம் ஏன் திருப்பினாய்? தட்டைத் திருப்பி வைத்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்றா? பக்கத்தில் உட்காரும் நான் பார்த்துவிடுவேன் என்றா?

"நான்தான் ஓட்டப் போறேன்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. "என் கால் நேராத்தான் இருக்கு. அக்கா வழுக்கி விழல தம்பி. நான் தள்ளிவிட்டேன்."

ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். செல்வராசு லேத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரம் தரையில் கிடந்த சுருளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"டீ சொல்லட்டுமா சிஸ்டர்?" என்றார். தட்டை நேராக வைத்து வெல்டிங் செய்தார்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தேன். நாகப்பட்டினத்தில் சின்னக் கார் ஓட்டிப் பழகினவள்தானே, பயந்துகொண்டேதான் மிதித்தேன். மிதித்த உடனே கனம் தட்டியது. கியரைத் தள்ளினேன். உள்ளே போனதே தெரியவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் போய்விட்டது என்று புரிந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே வந்த நெல் லாரிக்காரர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். டாக்டருக்குப் போன் போட்டு, வண்டி விற்பதற்கில்லை என்று சொன்னேன். "ஓடுதா?" என்று கேட்டார். ஓடுது என்றேன். "அப்ப சந்தோஷம் சிஸ்டர்" என்றார், உண்மையாகவே சந்தோஷப்பட்டு.

நேராக வீட்டுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டேன். முதலில் உட்காரவைத்து, அப்புறம் இரண்டு காலையும் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. "தரையில உட்கார்ந்து போற மாதிரி இருக்குடி" என்றாள். புதாற்றுக் கரை ரோட்டில் போனோம். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அம்மாவின் வெள்ளை முடி காற்றில் பறந்தது. அவள் அதைக் கட்டவேயில்லை. எண்பத்து நான்கு வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. உன்னோடு போகும்போதும் இப்படித்தான் இருப்பாளா?

ஒரு படித்துறை பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். சொன்னேன். அம்மாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை. "என்னது?" என்றாள். கத்திச் சொன்னேன். "அக்காவை மதகுலேர்ந்து நான்தாம்மா தள்ளினேன்!" படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"அவகிட்ட சொன்னியா?" என்றாள்.

"எதை?"

"தப்புன்னு."

"இல்லம்மா."

"அப்பறம் எங்கிட்ட எதுக்குடி சொல்ற? அவகிட்ட சொல்லு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய எடு. வெயில் ஏறுது."

அதனால்தான் எழுதுகிறேன், அக்கா.

தப்புதான். ஏழு வயதுக் குழந்தை செய்தது என்று நீ சொல்லியிருப்பாய். அதை விடு. இருபது வயதிலும் முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதைச் செய்தது குழந்தை இல்லை. என்னை ஒரு அடியிலிருந்து காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தையை நீ ஆயுசு முழுக்க உன் காலில் சுமந்தாய். ஒருநாள்கூட அதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. எப்படி அக்கா உன்னால் முடிந்தது? நான் எத்தனையோ வலியைப் பார்த்தவள். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. நம் வீட்டிலேயே இருந்திருக்கிறாய், கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு.

இனிமேல் உன் காலைப் பற்றி யார் பேசினாலும், அது நான் செய்தது என்று அந்த இடத்திலேயே சொல்வேன். பெரிய மாமா வீட்டுக் கல்யாணத்தில் அத்தனை பேர் இருந்தாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பூம்புகாருக்குப் போகிறோம், அம்மாவும் நானும். இந்தத் தடவை யாரும் கூப்பிடாமலே நான் கிளம்புகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி